ஈரம் எங்கிருந்து வருகிறது? பழைய கல்வீட்டைத் திருத்துமுன் ஒரு பாடம்

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பும் குடும்பம் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறது. ஓடு இருக்கிறதா, வளை இருக்கிறதா, கைமரம் களவு போய்விட்டதா என்று பார்க்கிறோம். நான்கு சுவரும் நின்றால் மனம் ஆறுதலடைகிறது. ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது முதலாவது மாரியில்தான் தெரியவரும்.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களுள் பலருக்குத் தங்கள் காணியைக் காணவே இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் அலைந்தவர்களும் திரும்பி வந்தபோது, சிலருக்கு மண்மேடு மாத்திரமே எஞ்சியிருந்தது. சிலருக்குப் பாட்டன் கட்டிய கல்வீடு கூரையின்றி நின்றது. இன்னும் பலர் பிறருடைய பழைய வீடுகளில் குடியிருக்கின்றனர். இந்தப் பாடம் இவர்கள் எல்லோருக்குமானது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பழைய கல்வீட்டை எங்கள் பணிமனையாக எடுத்தோம். பின்புறச் சுவர் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டி, நல்ல தடிப்பாகச் சீமெந்து பூசி, பெயின்ற் அடித்தோம். முதல் மாரியில் சுவர் அழகாக இருந்தது. இரண்டாம் மாரியில் ஈரம் ஐந்தடிக்கு ஏறி நின்றது. பெயின்ற் கொப்புளமாக எழும்பியது. தட்டிப் பார்த்தால் பூச்சு வெறும் பானைபோல் ஒலித்தது.

அயலில் இருந்த வயதான மேசன் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் சுவரைப் பார்க்கவில்லை. நேரே வீட்டின் பின்புறம் சென்று, குந்தியிருந்து நிலத்தைப் பார்த்தார். “சுவாமி, தண்ணி வாற வழியை மறிக்காமல் சுவரைப் பூசி என்ன பிரயோசனம்?” என்று கேட்டார். பின்புற வளவு வீட்டின் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. குசினியிற் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்த மூலையிலேயே தேங்கி நின்றது. ஒரு மண்வெட்டியும் இரண்டு நாள் உழைப்பும் செய்திருக்க வேண்டிய வேலைக்கு நாங்கள் பத்துப் பை சீமெந்தைச் செலவிட்டிருந்தோம்.

ஒரு நிறுவனம் இப்படிப் பிழைவிட்டால் அடுத்த ஆண்டு சமாளித்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு அது இயலாது. 2012 இல் வடக்கிலும் கிழக்கிலும் பரவலாகத் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்துவதற்கு 250,000 ரூபாவும் என உதவித்தொகை வரையறுக்கப்பட்டிருந்தது. இவ்வாறான தொகை வாழ்நாளில் ஒரு தடவைதான் கைக்கு வரும். அதைப் பிழையான இடத்திற் பூசிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: தண்ணீர் வரும் வழியைக் கண்டறியும்வரை சுவருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பழைய சுவரின் இயல்பு

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் ஆரம்பமானது. அதற்கு முந்திய குடாநாட்டுக் கல்வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாலும் முருகைக்கல்லாலும் கட்டப்பட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை. இச்சுவர்கள் தண்ணீரை முற்றாகத் தடுப்பதில்லை. மாரியிற் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். கோடையில் அதை வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சில் உள்ள நுண்ணிய துளைகளூடாக ஈரம் ஆவியாகிப் போய்விடும். இவ்வாறுதான் அவை பல தலைமுறைகளாக நின்றன.

இதன்மேற் சீமெந்து பூசும்போது வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே வரும் தண்ணீரோ நிற்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து நீர் கல்லின் நுண்துளைகளால் மேலே ஏறுகிறது. கீழே வெளியேற இடமில்லாதபடியால் பூச்சு முடியும் உயரம்வரை ஏறிச் செல்கிறது. எங்கள் பணிமனையில் மூன்றடி ஐந்தடியானதன் காரணம் இதுவே.

உப்பின் கதையும் அவ்வாறானதே. வயலில் உவர் ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். நிலத்திலுள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மேற்பரப்பில் தங்குகிறது. சுவரிலும் இதுவே நடைபெறுகிறது. தங்கும் உப்பு பளிங்காக வளரும்போது பூச்சையும் கல்லின் முகத்தையும் உடைத்துத் தள்ளுகிறது. அன்றியும் உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழையே இல்லாத நாளிலும் சில சுவர்கள் வியர்ப்பது இதனாலேயே. மாட்டுக் கொட்டில் அல்லது பழைய மலசலகூடம் இருந்த பக்கத்திலும், கழுவாத கடல் மணலாற் பூசிய சுவரிலும் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படும்.

தண்ணீர் வரும் ஐந்து வழிகள்

1. மேலிருந்து. உடைந்த ஓடு, பிளந்த முகட்டுச் சாந்து, சுவரின் தலைப்பில் முளைத்த ஆலங்கன்று அல்லது அரசங்கன்று என்பவற்றினூடாக வருவது. கூரையில்லாமற் கிடந்த வீட்டில் சுவரின் தலைப்பு பல மாரிகளின் தண்ணீரைக் குடித்திருக்கும்.

2. பக்கத்திலிருந்து. வாடைக்காற்றோடு அடிக்கும் மழை வடக்கு, கிழக்குச் சுவர்களின் வெடிப்புகளூடாகப் புகும். தாழ்வாரத்திலிருந்து விழும் தண்ணீர் நிலத்திற் பட்டுத் தெறித்துச் சுவரின் அடியை நனைப்பதும் இவ்வகையே.

3. கீழிருந்து. நிலத்து நீர் அத்திவாரத்தினூடாக ஏறுவது. இது பொதுவாக மூன்றடிக்கு மேற் போவதில்லை. மேலே போயிருந்தால் சீமெந்துப் பூச்சு, வெளியே உயர்ந்த மண் என்பவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம்.

4. வீட்டுப் பாவனையிலிருந்து. கசியும் குழாய், நிரம்பி வழியும் தண்ணீர்த் தாங்கி, குசினிக் கழிவுநீர், சுவரோடு ஒட்டிய குளிக்கும் இடம் என்பன. இந்த ஈரம் மாரி, கோடை பாராது.

5. காற்றிலிருந்து. அடைத்த அறையில் நாம் விடும் மூச்சும், சமையல் ஆவியும், உள்ளே உலர்த்தும் துணியின் ஈரமும் குளிர்ந்த பரப்பிற் பட்டு நீர்த்துளியாகின்றன. தகரக் கொட்டிலில் விடியற்காலையிற் பாயில் விழும் துளிகளுட் பெரும்பாலானவை இவையே. கூரை ஒழுகுகிறது என்று எண்ணித் தாரை வாங்கிப் பூசியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கண்டறியும் முறை

இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. ஒரு பென்சில், ஒரு ஆணி, ஒரு துண்டுப் பொலித்தீன், ஒரு கொப்பி ஆகியவை போதும். பொறுமையும் வேண்டும்.

கோடு போடுதல். ஈரம் நிற்கும் எல்லையிற் பென்சிலாற் கோடு போட்டு, பக்கத்திலே திகதியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை இவ்வாறு செய்யுங்கள். மழை பெய்து சில மணித்தியாலங்களிற் புதிய கறை தோன்றினால் அது மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ வருகிறது. மாரி முழுவதும் மெல்ல ஏறி, பங்குனி, சித்திரையில் மெல்ல இறங்கினால் அது கீழிருந்து வருகிறது. கோடையிலும் கோடு அசையாவிட்டால் குழாயையும் கழிவுநீரையும் பாருங்கள்.

பொலித்தீன் சோதனை. ஓரடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவர்ப்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம்.

உப்பா, பூஞ்சணமா? வெள்ளைப் பூப்பின்மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் அநேகமாக உப்பு. உப்பு என்றால் தண்ணீர் சுவரூடாக வந்திருக்கிறது. கரையாமல் நின்று மணத்தால் பூஞ்சணம். அது காற்றோட்டம் இல்லாத மூலையிலும் அலுமாரியின் பின்னாலும் வளரும்.

ஆணிச் சோதனை. பூச்சின் ஓரத்தை ஆணியாற் சுரண்டுங்கள். வெண்மையாக, இலகுவில் உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாகக் கடினமாக இருந்தால் சீமெந்து. அதே ஆணியை வளையும் கைமரமும் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். ஈரச் சுவரினூடாகக் கறையான் ஏறுவதும் மரத்தின் நுனி உக்குவதும் அங்கேதான். பனைமரம் வெளியே வைரமாகத் தெரிந்தாலும் சுவருக்குள் இருக்கும் பாகத்தைச் சோதிக்காமல் அதன்மேல் ஓடு ஏற்ற வேண்டாம்.

நிலமட்டம். உள்ளே தரை எவ்வளவு உயரம், வெளியே நிலம் எவ்வளவு உயரம் என்று அளவுங்கள். ஆட்கள் இல்லாத காலத்தில் இலைகுழை உக்கியும், மழை மண்ணை அள்ளிவந்தும், போர்க்காலத்தில் மண் அணைகள் போடப்பட்டும் நிலம் உயர்ந்திருக்கும். எங்கள் அனுபவத்தில் அடிச்சுவர் ஈரத்துக்கு அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே. மலிவாகத் தீர்க்கக் கூடியதும் இதுவே.

மாரியில் ஒரு நாளாவது, மழை கொட்டும்போதே, குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள். வெங்காயத் தறையில் தண்ணீர் தேங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு இது புதிய வித்தையல்ல.

வேலையின் ஒழுங்கு

காரணம் தெரிந்தபின் மலிவான வேலையிலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, மண். சுவரைச் சுற்றியுள்ள மண்ணைத் தரைமட்டத்திலிருந்து ஆறு அங்குலமாவது கீழே வரும்படி அகற்றுங்கள். ஆறடி தூரத்துக்கு இரண்டு அங்குலமாவது சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும். பழைய வீடுகளின் அத்திவாரம் ஆழம் குறைந்தது; ஆகவே அதன் அடியைத் தோண்டக் கூடாது. கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்ற உறுதி இல்லாத இடத்தில் மண்வெட்டியே வைக்க வேண்டாம். அறியாத இரும்புப் பொருள் எது தென்பட்டாலும் தொடாமல் விலகி, உடனே கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

இரண்டாவது, கூரைத் தண்ணீர். உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டுச் சாந்தைச் சரிசெய்யுங்கள். பீலி போட வசதியில்லாவிட்டால் தாழ்வாரத் தண்ணீர் விழும் கோட்டில் இரண்டடி அகலத்துக்குச் சல்லிக்கல் பரப்புங்கள். தெறிப்பு குறையும். அந்த இடத்தில் சுவரோடு ஒட்டச் சீமெந்துத் தளம் போடுவது அழகாகத் தெரிந்தாலும், நிலத்து ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழியில்லாமற் செய்துவிடும்.

மூன்றாவது, கழிவுநீர். குசினித் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகட்டும். கிணற்றடியில் வாழை வைத்த நம் முன்னோரின் வழக்கம் பயிருக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது.

நான்காவது, காற்று. தகரத்தால் அடைத்த யன்னல்களைத் திறந்து, நுளம்புக்கு வலை அடியுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். நெல் மூட்டையைப் பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். விதை வெங்காயத்தை ஈரச் சுவர் உள்ள அறையிற் கட்ட வேண்டாம். அடுத்த போகத்தின் விதை அதிலே இருக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள அறையிற் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இருமலும் இழுப்பும் கூடும். காய்ந்த அறையைப் படுக்கைக்கு ஒதுக்குங்கள்.

இவை நான்கும் முடிந்தபின்னரே ஐந்தாவதாகச் சுவருக்கு வருகிறோம். மாரி கழிந்து, தை, மாசியில் அடிப்பகுதியிலுள்ள சீமெந்துப் பூச்சைக் கவனமாகத் தட்டி எடுங்கள். கல்லோடு இறுகப் பிடித்திருக்கும் இடத்தைப் பலவந்தமாக உடைத்தால் கல்லின் முகமும் வந்துவிடும்; அதைப் பிறகு பார்க்கலாம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், அது திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையாற் கூட்டி, உமலிலோ சாக்கிலோ அள்ளி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

பிறகு சுவரைக் காயவிடுங்கள். பழைய கட்டிடங்களைப் பேணுவோர் ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை அடிச் சுவர் ஓராண்டுக்கு மேலும் எடுக்கும். எங்கள் வெயிலும் காற்றும் இதற்கு உதவும். என்றாலும் ஒரு கோடையாவது பொறுத்திருங்கள். கல் தெரியும் சுவரோடு ஓராண்டு சீவிப்பது வெட்கமல்ல. அயலார் கேட்டால், சுவர் காய்கிறது என்று சொல்லுங்கள்.

சுண்ணாம்புச் சாந்து

காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்பே பொருத்தமானது. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். நீறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவி உலர்த்திய மணல் மூன்று பங்கு சேருங்கள். பையில் விற்கும் சுண்ணாம்புத் தூளானால் ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவிட்டு, களிபோல் ஆனபின் பாவியுங்கள். சுவரைச் சற்று நனைத்து, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு பூச்சு, அது இறுகியபின் மற்றொரு பூச்சு. கடும் வெயிலிற் பூசக் கூடாது. நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் மெல்லக் காயவையுங்கள். பெயின்ற்றுக்குப் பதிலாகச் சுண்ணாம்பால் வெள்ளையடியுங்கள்.

உப்பு மிஞ்சிய சுவரில் இந்தப் பூச்சும் சில ஆண்டுகளில் உதிரலாம். அது தோல்வியல்ல. பூச்சு உப்பைத் தன்மேல் எடுத்துக்கொண்டு கல்லைக் காப்பாற்றியிருக்கிறது. உதிர்ந்த இடத்தை மாத்திரம் மறுபடி பூசினாற் போதும். சீமெந்துப் பூச்சு நிற்கும்போது கல் உதிரும். சுண்ணாம்புப் பூச்சு உதிரும்போது கல் நிற்கும்.

எச்சரிக்கை: நீறாத சுண்ணாம்புக் கல்லை நீற்றுவதானால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள், சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்ரிக் வாளி உருகும். கண்ணையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கண்ணிற் பட்டால் உடனே நிறையத் தண்ணீராற் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்புக்கெனக் கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதமானது, கரையையும் அழிக்கும்.

தனியே செய்யக் கூடாதவை

சுவர் வெளியே புடைத்திருந்தாலோ, கை நுழையும் வெடிப்பு இருந்தாலோ, ஷெல் விழுந்து மூலை பிரிந்திருந்தாலோ, அது ஈரப் பிரச்சினை மாத்திரமல்ல. பிரதேச சபை அல்லது பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு பார்க்காமல் அதன் கீழே படுக்க வேண்டாம். சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் பிடுங்கி இழுக்காதீர்கள். கல்லும் சேர்ந்து வரும். அடியில் அறுத்து, வேர் பட்டபின் சிறிது சிறிதாக எடுங்கள். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடுகளை உடைத்து நொறுக்க வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு. பிறருடைய வீட்டிற் குடியிருப்போர் வேலைக்கு முன் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்திற் பெறுவது இரு பகுதியினருக்கும் நன்று.

சிலர் பழைய வீட்டை இடித்துப் புதிய கல்லறைபோல் சீமெந்து வீடு கட்டும்படி ஆலோசனை கூறுவார்கள். இடிக்க வேண்டிய வீடுகளும் உண்டு. ஆனால் ஈரம் ஒன்றை மாத்திரம் காரணம் காட்டி ஒரு நல்ல கல்வீட்டை இடிக்குமுன் மேற்கூறிய ஐந்து சோதனைகளையும் ஒரு மாரி, ஒரு கோடை செய்து பாருங்கள். முப்பது ஆண்டு ஆளில்லாமல் நின்ற சுவருக்கு இன்னும் ஓராண்டு தவணை கொடுப்பதில் நட்டமில்லை.

எங்கள் பணிமனைச் சுவர் இப்போது சுண்ணாம்புப் பூச்சோடு நிற்கிறது. அடியில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் சிறிது உதிர்கிறது. அதை நாங்களே பூசிக்கொள்கிறோம். பென்சிற் கோடுகளை மாத்திரம் அழிக்காமல் விட்டிருக்கிறோம். ஆகக் கடைசிக் கோடு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

குழுவிற் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் வீட்டில் ஈரம் உள்ள சுவர் எது? ஐந்து வழிகளுள் எது காரணம் என நினைக்கிறீர்கள்? எதைக் கொண்டு அவ்வாறு சொல்கிறீர்கள்?

2. உங்கள் கிராமத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த மேசன்மார் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இளைஞர் ஒருவரை அவர்களோடு சேர்த்துப் பழக்க முடியுமா?

3. மண் அகற்றுதல், வாய்க்கால் வெட்டுதல் போன்ற வேலைகளை வீட்டுக்கு வீடு கைமாற்றாகச் செய்ய முடியுமா? தனியே வாழும் முதியோர், பெண் தலைமைதாங்கும் குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளில் எதை முதலிற் செய்வீர்கள்?

4. அடுத்த ஐப்பசிக்கு முன் உங்கள் வீட்டிற் காசு செலவின்றிச் செய்யக்கூடிய மூன்று வேலைகளை எழுதி, செய்து முடிக்கும் திகதியையும் குறியுங்கள்.